இரண்டு ஹார்ன்

எங்கள் பணிமனையில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர் இருக்கும். மற்றபடி மேனேஜரிலிருந்து வாசல் காவலர்வரை எல்லோருக்கும் அவர் குழாயண்ணன்தான். பேருந்துகளின் வெளிப்புறத்தைக் கழுவுவது அவர் வேலை. உள்ளே கூட்டித் துடைப்பது என் வேலை. நான் ஒரு வண்டியை முடித்துவிட்டுத் துடைப்பத்தோடு இறங்கும்போது அவர் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு காத்திருப்பார்.

“ஜன்னலெல்லாம் சாத்திட்டியாம்மா?”

“சாத்திட்டேண்ணே.”

பதினாறு வருடமாக ஒவ்வொரு வண்டிக்கும் இந்தக் கேள்வி உண்டு. ஒரே ஒரு தடவை நான் ஏதோ நினைப்பில், சாத்தாமலேயே சாத்திவிட்டதாகச் சொல்லிவிட்டேன். பின்சீட்டு முழுக்கத் தொப்பலாக நனைந்துவிட்டது. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. “நானும் ஒரு சுத்து சுத்திப் பார்த்திருக்கணும்” என்று சொல்லிவிட்டு, தன் துண்டாலேயே சீட்டைத் துடைக்க ஆரம்பித்தார். அவர் சுபாவம் அது. எங்கே ஒரு தப்பு நடந்தாலும் அதில் தன் பங்கு எவ்வளவு என்றுதான் முதலில் பார்ப்பார்.

வாலிபத்தில் அவர் லாரியில் கிளீனராக இருந்தவர். டிரைவராக வேண்டும் என்றுதான் ஆசை. இரண்டு தடவை கண் பரிசோதனைக்குப் போனார். இடது கண்ணில் பிறவியிலேயே பாதிப் பார்வைதான். பலகையில் மூன்றாவது வரியைத் தாண்ட முடியவில்லை. மூன்றாம் தடவை போகவில்லை. அதைப் பற்றி யாராவது கேட்டால், “கடவுள் என் கையில ஸ்டியரிங்கைக் கொடுக்கல, குழாயைக் கொடுத்தாரு. இதையாவது நேராப் பிடிப்போம்” என்பார். இதை அவர் வருத்தமாகவும் சொல்ல மாட்டார், வேடிக்கையாகவும் சொல்ல மாட்டார். மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொல்வார்.

வேலையில் அவருக்கு ஒரு முறை உண்டு. வண்டி கழுவும் மேடையில் ஏறியதும் முதலில் கூரை. பிறகு முன்கண்ணாடி. பிறகு இரண்டு பக்கமும் நீளக் கம்பு வைத்த பிரஷ்ஷால் மேலிருந்து கீழே. சக்கரம் கடைசியில். சக்கரத்துச் சேறு மட்டும் சும்மா போகாது. அதற்குத்தான் பிரஷர் குழாய். அதைத் திறந்தால் காய்ந்த சேறு ஓடு உரிவதுபோல உரியும். அழுக்கைப் பார்த்தே எந்த டிரைவர் எப்படி ஓட்டுகிறான் என்று சொல்லிவிடுவார். மலை ரூட்டில் ஓட்டுகிற ஒரு டிரைவர் இருந்தான். நாங்கள் அவனை மலை டிரைவர் என்போம். புதிதாக வந்த சமயம் ஒருநாள் அவனை நிறுத்தினார்.

“தம்பி, மூணு ஜன்னலுக்குக் கீழ வாந்தி. நீ வண்டி ஓட்டுறியா, தொட்டில் ஆட்டுறியா?”

“மலைப்பாதைண்ணே. வளைவு ஜாஸ்தி.”

“மலை நேத்தும் அங்கதானப்பா இருந்துச்சு. நேத்து ஓட்டினவன் வண்டியில ஒரு சொட்டு இல்லையே.”

அவன் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் இரண்டு மாதத்தில் அந்த ரூட்டிலேயே அலுங்காமல் ஓட்டுகிறவன் என்று பெயர் வாங்கிவிட்டான். அவனுக்குக் கண்டக்டராகப் போகிறவனை நாங்கள் விசில் என்று கூப்பிடுவோம். கழுத்தில் விசில் தொங்கினாலும் வாயாலேயே அடிப்பான். நிறுத்த ஒன்று, போக இரண்டு.

பணிமனையின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் முள்காடு. அதைத் தாண்டினால் வேலை நின்றுபோன கல்குவாரி. அதற்குப் பின்னால் மலை. சுவரின் அடியில் நாங்கள் கழுவுகிற தண்ணீர் வெளியேற ஒரு ஓட்டை உண்டு. ஒரு மழைக்காலத்தில் அந்த ஓட்டை வழியாகத்தான் நரி வந்தது.

காலை டிரிப் முடித்த வண்டிகள் பத்து மணிக்குத் திரும்பி வரும். மூன்று மணிவரை சும்மா நிற்கும். வெளியே எல்லாம் நனைந்து குளிர்ந்து கிடக்கும்போது, அந்த வண்டிகளுக்கு அடியில் மட்டும் தரை காய்ந்திருக்கும். மேலே இன்ஜின் சூடு வேறு. நரி அதைக் கண்டுபிடித்துவிட்டது. முதலில் பார்த்தவர் மெக்கானிக். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து வேலை செய்துகொண்டிருந்தவர், பக்கத்தில் மூச்சுச் சத்தம் கேட்டு, கூட வேலை செய்கிறவர்தான் என்று நினைத்து, “கொஞ்சம் தள்ளிப் படுப்பா” என்றாராம். தள்ளிப் படுக்காததால் திரும்பிப் பார்த்திருக்கிறார். வெளியே உருண்டு வந்த வேகத்தில் முழங்கை இரண்டும் தேய்ந்துவிட்டன.

அது யாரையும் ஒன்றும் செய்யவில்லை. ஒரு ஓரத்திலிருந்து ஒவ்வொரு வண்டிக்கும் அடியில் எட்டிப் பார்த்துக்கொண்டே போகும். பிடித்த வண்டி வந்ததும் படுத்துவிடும். அது எட்டிப் பார்க்கிற தோரணையைக் கண்டுவிட்டு விசில்தான் அதற்கு செக்கர் என்று பெயர் வைத்தான். “டிக்கெட் எடுத்துட்டீங்களா எல்லாரும்? செக்கர் வர்றாரு!” என்று குரல் கொடுப்பான். அப்புறம் அது செக்கரய்யா ஆகிவிட்டது.

ஒரு வாரம் போயிருக்கும். ஒரு மதியம் ஒரு வண்டி கிளம்பியபோது அடியிலிருந்து வீல் என்று சத்தம். நரி தப்பித்துவிட்டது. ஆனால் டயர் அதன் காலில் ஏறாமல் போனது நாலு விரல் அளவில்தான். குழாயண்ணன் நேராக டைம் கீப்பரிடம் போனார். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று எழுதிப் போடுகிறவர் அவர். எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும்.

“சார், பலகையில ஒரு வரி எழுதிப் போடுங்க. வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் ரெண்டு ஹார்ன் அடிக்கணும்னு.”

“நரிக்காகவா?”

“டயர்ல அது சிக்கினா அதைக் கழுவி எடுக்க வேண்டியது நான்தான சார்.”

டைம் கீப்பர் எழுதிப் போட்டார். முதல் இரண்டு நாள் நரி அதை மதிக்கவில்லை. ஹார்ன் அடித்தால் தலையைத் தூக்கிப் பார்க்கும், மறுபடி படுத்துக்கொள்ளும். அதனால் குழாயண்ணன் வீட்டிலிருந்து ஒரு அவித்த முட்டை கொண்டுவந்தார். பின்சுவர் ஓரம் பழைய டயர்கள் குவிந்து கிடக்கும். அங்கே போய் நின்றுகொண்டார். இரண்டாவது ஹார்ன் அடித்ததும் முட்டையில் ஒரு துண்டை எறிந்தார். நாலே நாளில் நரி பாடத்தைப் படித்துவிட்டது. எந்த வண்டி இரண்டு ஹார்ன் அடித்தாலும் அடியிலிருந்து வெளியே வந்து டயர்க் குவியலுக்கு ஓடும். ஒரு உயிரைக் காப்பாற்றக் கடவுள் நமக்கும் ஒரு வழி காட்டினார் என்று நான்கூட நினைத்தேன்.

அண்ணி, அதாவது அவர் மனைவி, வீட்டில் தையல் மெஷின் வைத்துப் பேருந்து சீட்டுகளுக்கு உறை தைப்பவர். கிழிந்த உறைகளை நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒருநாள் மெஷினை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்துச் சொன்னார்.

“ஏங்க, உங்களக் கட்டிக்கிட்டு இருபத்தஞ்சு வருஷம் ஆகுது. எனக்கு என்னைக்காவது ஒரு முட்டை உரிச்சுக் கொடுத்திருக்கீங்களா?”

“நீ என்னைக்காவது வண்டிக்கு அடியில போய்ப் படுத்திருக்கியா?”

“படுத்தா உரிச்சுத் தருவீங்களா?”

“ஹார்ன் அடிச்சா வெளிய வரணும். நீ வருவியா? நான் நாலு தடவ கூப்பிட்டாலே திரும்பிப் பார்க்க மாட்ட.”

அண்ணி சிரித்துவிட்டு மறுபடி மெஷினை மிதித்தார்.

மழை நின்றது. குளிர் நிற்கவில்லை. நரியும் போகவில்லை. அதற்குள் அது பணிமனைக்கு மட்டும் சொந்தமாக இல்லை. வாசலுக்கு வெளியே உள்ள நிறுத்தத்தில் நிற்கிற ஜனங்களுக்கும் பழகிவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மதியச் சாப்பாட்டில் மிச்சம் வைத்துக்கொண்டு வருவார்கள். ஜன்னல் வழியாக ரொட்டித் துண்டு விழும். வண்டி தாமதமானாலும் யாரும் கோபப்படவில்லை, நரி வந்ததா என்றுதான் கேட்டார்கள். மலை டிரைவர் நிறுத்தத்தில் வேண்டுமென்றே இரண்டு ஹார்ன் அடிப்பான். அது ஓடிவந்து நிற்கும். எல்லோரும் கை தட்டுவார்கள். நானும் தட்டியிருக்கிறேன்.

எங்கள் ஒருவருக்கும் தோன்றாத விஷயம் ஒன்று இருந்தது. ஹார்னுக்குச் சுவர் கிடையாது. பணிமனைக்குள் அடித்தாலும் ஹார்ன்தான், ரோட்டில் அடித்தாலும் ஹார்ன்தான். வாசலிலிருந்து இருநூறு தப்படியில் ரோடு வளைகிறது. எதிரே வருவது தெரியாது. அங்கே வருகிற வண்டி ஒவ்வொன்றும் இரண்டு ஹார்ன் அடித்துவிட்டுத்தான் திரும்பும்.

ஒரு திங்கட்கிழமை காலை, எட்டு மணி இருக்கும். மலை டிரைவர் அந்த வளைவில் ஹார்ன் அடித்தான். புதரிலிருந்து நரி ரோட்டுக்கு நடுவில் வந்து நின்றது. அவன் பிரேக்கை மிதித்தான். நின்றுகொண்டு வந்த ஒரு அம்மா விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. அந்த அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு அவன் வண்டியைப் பணிமனைக்குக் கொண்டுவந்தான். இறங்கி நேராகக் கழுவும் மேடைக்கு வந்தான்.

“அண்ணே, அது குறுக்க ஓடல. நடுவுல நின்னு என் ஜன்னலையே பார்த்துச்சு. எங்கடா சாப்பாடுன்னு கேக்கற மாதிரி.”

“ஹார்ன் அடிச்சியா?”

“அடிச்சேன். அடிச்சதாலதான் வந்துச்சு.”

குழாயண்ணன் தண்ணீரை நிறுத்தினார். மேடையின் ஓரத்தில் உட்கார்ந்தார். வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். “நான் பழக்கினது” என்றார். விசில், “எல்லாரும் சேர்ந்துதானண்ணே பழக்கினோம்” என்றான். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

மதியம் மேனேஜர் எல்லோரையும் அறைக்குக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. அவர் மேஜையிலும் நரியின் போட்டோ ஒன்று கண்ணாடிக்கு அடியில் இருந்தது.

“வனத்துறைக்குப் போன் பண்ணிட்டேன். அடுத்த திங்கட்கிழமை கூண்டோட வர்றாங்க.”

“பிடிச்சு எங்க சார் விடுவாங்க? மலைக்கு அந்தப் பக்கமா?” என்று மெக்கானிக் கேட்டார்.

“விட மாட்டாங்களாம். மனுஷன்கிட்ட வாங்கித் தின்னு பழகினத எங்க விட்டாலும் திரும்ப ரோட்டுக்குத்தான் வரும்னாங்க. கூண்டுலயே வெச்சுச் சோறு போடுவாங்களாம்.”

“எவ்வளவு நாளைக்கு?” என்றார் குழாயண்ணன்.

“அது இருக்கற வரைக்கும்.”

குழாயண்ணன்தான் மறுபடி கேட்டார். “சார், அதுக்குள்ள அது ஹார்னுக்கு வர்றத விட்டுட்டா?”

மேனேஜர் பேனாவை மூடினார். “அவங்க வந்து பார்க்கும்போது நரி இங்க இருந்தா பிடிப்பாங்க. இல்லாததை எப்படிப் பிடிப்பாங்க? ஏழு நாள் இருக்கு. அதுவரைக்கும் வளைவுல எல்லாரும் நடக்கற வேகத்துல போங்க.”

வெளியே வந்ததும் குழாயண்ணன் எல்லோரிடமும் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார். யாரும் ஒரு துணுக்குக்கூடப் போடக் கூடாது. நிறுத்தத்தில் நிற்கிற ஜனங்களிடமும் காவலர் சொல்லிவிட வேண்டும். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.

செவ்வாய்க்கிழமை மதியம் வண்டி இரண்டு ஹார்ன் அடித்தது. நரி வழக்கம்போல வெளியே வந்து டயர்க் குவியலுக்கு ஓடியது. அங்கே முட்டைக்குப் பதிலாகத் தண்ணீர் வந்தது. குழாயைப் பாதிதான் திறந்திருந்தார். நரி பத்தடி ஓடி, உடம்பை உதறிவிட்டு, உட்கார்ந்து அவரையே பார்த்தது. பத்து நிமிடத்தில் திரும்பி வந்து இன்னொரு வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டது.

“குளிப்பாட்டுறீங்கன்னு நினைச்சிடுச்சுண்ணே. வண்டிக்கு மட்டும்தான் ஊத்துவாரு, இன்னைக்கு நம்ம முறை வந்துருச்சுன்னு” என்றான் விசில். யாரும் சிரிக்கவில்லை.

புதன்கிழமை அவர் பிரஷர் குழாயை முழுக்கத் திறந்தார். சக்கரத்துச் சேற்றை உரிக்கிற தண்ணீர் அது. நரி புரண்டு விழுந்தது. கத்தியது. எழுந்து ஓடியதை மறுபடி விரட்டி அடித்தார். ஓட்டை வழியாக அது வெளியே போகிறவரை நிறுத்தவில்லை. அன்று சாயந்திரம் உறைகள் கொடுக்கப் போனபோது அண்ணி சாப்பாட்டு டப்பாவைத் திறந்து என்னிடம் காட்டினார். கொண்டுபோனது அப்படியே இருந்தது.

“என்னடி ஆச்சு இவருக்கு? கேட்டா, பசியில்லன்னு ஒத்தை வார்த்தை.”

நான் சொன்னேன். அண்ணி டப்பாவை மூடினார். “சரி, எதுவும் கேக்கல நான்” என்றார்.

அந்த வாரம் என் பிரார்த்தனையில் ஒரு நரிக்கும் இடம் இருந்தது. அதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. படைத்தவருக்கு அதன் கணக்கும் தெரியும்.

வியாழக்கிழமை நான் ஒரு வண்டிக்கு அடியில் பிஸ்கட் தூள் கிடப்பதைப் பார்த்தேன். யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. விசில் தானாகவே தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டான்.

“பார்க்கச் சகிக்கலண்ணே. நேத்து நீங்க அடிச்ச அடியில பின்னங்காலை இழுத்து இழுத்து நடக்குது.”

குழாயண்ணன் கத்தவில்லை. “நீ ஒண்ணு போட்டா நான் பத்து தடவ அடிக்கணும்பா. நம்ம ரெண்டு பேர்ல யாரு அதுக்கு நல்லது பண்றோம்னு நீயே சொல்லு” என்றார். விசில் பையில் மிச்சமிருந்த பிஸ்கட் பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. மூன்று மணிக்கு ஒரு வண்டி இரண்டு ஹார்ன் அடித்தது. எதுவும் வெளியே வரவில்லை. நரி போய்விட்டது என்றுதான் டிரைவர் நினைத்தான், கியரைப் போட்டான். நான் பக்கத்து வண்டியின் படியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். குனிந்த வாக்கில் பார்த்தேன். பின்சக்கரத்துக்கு முன்னால், தரையோடு தரையாக அது ஒட்டிக் கிடந்தது.

“நிறுத்து!” என்று நான் கத்தியது இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. விசில் எங்கிருந்தோ பார்த்துவிட்டு ஒரு விசில் அடித்தான். காது கிழிகிற மாதிரி ஒன்று. டிரைவரின் கால் யோசிக்காமலே பிரேக்குக்குப் போனது. அந்த ஒரு நல்ல பழக்கத்துக்காகவே அவன் இன்னும் நூறு பிழை செய்தாலும் மன்னிக்கலாம்.

குழாயண்ணன் ஈரத் தரையில் அப்படியே படுத்து அடியில் பார்த்தார். நரி காதுகளை மடக்கிக்கொண்டு சக்கரத்தோடு ஒண்டியிருந்தது. அவரைக் கண்டதும் இன்னும் உள்ளே போனது. அவர் எழுந்தபோது சட்டையெல்லாம் கிரீஸ்.

“சத்தத்துக்குப் பயப்படக் கத்துக்கிச்சு” என்றார். “பயந்தா எங்க ஓடணும்னு நான் சொல்லிக் கொடுக்கல.”

நரிக்கு அப்போதும் உலகத்திலேயே பத்திரமான இடம் வண்டிக்கு அடிதான். சூடும் காய்ந்த தரையும் அங்கேதான் இருந்தன. இது எங்களுக்குப் புரிய அந்தச் சக்கரம் அவ்வளவு பக்கத்தில் போக வேண்டியிருந்தது.

அன்றே பலகையில் இருந்த அந்த வரியை டைம் கீப்பர் அழித்தார். ஹார்ன் அடிக்க வேண்டாம், வண்டியை எடுக்கும் முன் கண்டக்டர் இறங்கிக் குனிந்து அடியில் பார்க்க வேண்டும் என்று எழுதினார். குழாயண்ணன் மேனேஜரிடம் போய்க் கேட்டது வேறு.

“சார், பத்து மணிக்கு வண்டிங்க வர்றதுக்கு முன்னாடி நிறுத்தற இடம் பூரா தண்ணி அடிச்சு வெச்சிடறேன். காஞ்ச தரையே இருக்கக் கூடாது.”

“முப்பத்தோரு வண்டிய்யா.”

“தெரியும் சார்.”

“உம்ம வழக்கமான வேலை?”

“அதையும் பண்ணிடறேன்.”

மெக்கானிக் கொஞ்சம் முணுமுணுத்தார். “நரிக்குக் குளிரட்டும்னு எங்களுக்கும் சேர்த்துக் குளிர வைக்கறீங்களே. தண்ணியில மல்லாந்து படுத்தா என் முதுகு என்னத்துக்கு ஆகும்?” என்றார். மறுநாள் அவரே வீட்டிலிருந்து அட்டைப் பெட்டிகளைப் பிரித்து எடுத்துவந்து விரித்துக்கொண்டார். அதற்கப்புறம் பேசவில்லை.

சனிக்கிழமை ஏழு மணியிலிருந்து குழாயண்ணன் தண்ணீர் அடித்தார். நரி பதினொரு மணிக்கு வந்தது. முதல் வண்டிக்கு அடியில் காலை வைத்தது, எடுத்து உதறியது. அடுத்த வண்டி. அதற்கடுத்தது. முப்பத்தோரு வண்டியையும் பார்த்தது. கடைசி வண்டிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றது. அவர் தூரத்தில் குழாயோடு நின்றார். அடிக்கவில்லை. அது அவரைப் பார்த்தது, ஓட்டை வழியாகப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை ஓட்டைக்கு இந்தப் பக்கம் தலையை மட்டும் நீட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

திங்கட்கிழமை வனத்துறையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். வண்டியில் கூண்டு. உள்ளே தண்ணீர்க் கிண்ணம்கூட வைத்திருந்தார்கள். பெரியவராக இருந்தவர் மேனேஜரிடம், “எந்தச் சத்தத்துக்கு வருது?” என்று கேட்டார்.

“ரெண்டு ஹார்ன்.”

“அடிக்கச் சொல்லுங்க பார்ப்போம்.”

வண்டிகள் நிற்கிற இடத்தில் மலை டிரைவர் ஒரு வண்டியில் ஏறி உட்கார்ந்தான். அவன் கை ஹார்ன்மேல் போனதும் ஒரு நிமிடம் அப்படியே நின்றது. பிறகு அடித்தான். எதுவும் வரவில்லை. வந்தவர்கள் இரண்டு பேரும் குனிந்து வண்டிகளுக்கு அடியில் பார்த்துக்கொண்டே வாசல் பக்கமாக நடந்தார்கள்.

“இன்னொரு தடவ.”

அடித்தான். நான் பின்சுவர்ப் பக்கம் நின்றேன். ஓட்டையில் அதன் மூக்கு தெரிந்தது. பிறகு முகம். குழாயண்ணன் டயர்க் குவியலுக்குப் பக்கத்தில் நின்றார். கையில் குழாய் இருந்தது. தண்ணீர் திறக்கவில்லை, திறந்தால் சத்தம் கேட்கும். வந்தவர்களின் முதுகு எங்கள் பக்கம் இருந்தது. நரி ஒரு காலை உள்ளே வைத்தது.

அவர் குழாயை மெதுவாகத் தூக்கி அதன் முகத்துக்கு நேராக நீட்டினார். வேறு ஒன்றும் செய்யவில்லை.

அது குழாயைப் பார்த்தது. அவரையும் பார்த்திருக்கும். காலைப் பின்னால் எடுத்தது. ஓட்டையில் வெளிச்சம் மட்டும் மிச்சம் இருந்தது.

“வரலையேய்யா” என்றார் பெரியவர் திரும்பி வந்து. இரண்டு மணி நேரம் காத்திருந்தார்கள். டீ குடித்தார்கள். “தானாப் போயிட்டா எல்லாருக்கும் நல்லது. திரும்ப வந்தா சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு, வெறும் கூண்டோடு கிளம்பினார்கள். என்னிடம் கேட்டிருந்தால் நான் பார்த்ததைச் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

குழாயண்ணன் அதற்கப்புறமும் பதினைந்து நாள் தரையை நனைத்தார். வளைவில் புதர் வெட்டினார்கள். முறிந்த மணிக்கட்டு கூடிவிட்டது என்று அந்த அம்மாவைப் பார்த்துவிட்டு வந்த மலை டிரைவர் சொன்னான். குழாயண்ணனும் ஒருநாள் அவன்கூடப் போய், அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். “நீங்க எதுக்குய்யா கேக்கறீங்க? நீங்க வண்டியிலயே இல்லையே” என்று அந்த அம்மா திகைத்துப்போனாராம்.

நிறுத்தத்து ஜனங்கள் ஒரு மாதம் நரியை விசாரித்தார்கள். அப்புறம் நிறுத்திவிட்டார்கள். குழாயண்ணன் அதைப் பற்றிப் பேசவே இல்லை. சிலர் அவருக்கு மனசு கல் என்றார்கள். அன்பு காட்டினவரே அடித்துத் துரத்தினார், மிருகம் என்ன நினைத்திருக்கும் என்றார்கள். அவர் காதிலும் அது விழுந்திருக்கும்.

குளிர் முடிந்து வெயில் ஏற ஆரம்பித்த ஒருநாள், காலை டிரிப்பிலிருந்து மலை ரூட் வண்டி திரும்பி மேடையில் ஏறியது. விசில் முதல் ஆளாகக் குதித்தான்.

“அண்ணே, குவாரிக்கு மேல, மூணாவது வளைவுல ஒரு நரி. பாறைமேல வெயில் காயுது. நம்ம செக்கரய்யாவான்னு தெரியல. எல்லா நரியும் ஒரே மாதிரிதான இருக்கு. நான் இவன்கிட்ட, ரெண்டு ஹார்ன் அடிச்சுப் பாருடா, நம்ம ஆளுன்னா தெரிஞ்சிடும்னேன். இவன் ஸ்டியரிங்லேர்ந்து கையவே எடுக்கலண்ணே.”

மலை டிரைவர் மெதுவாக இறங்கி வந்தான். குழாயண்ணன் அவனிடம் திரும்பினார்.

“மெலிஞ்சிருந்துச்சா?”

“ஓடுற வண்டியிலேர்ந்து பார்த்ததுண்ணே. சரியாத் தெரியல.”

“வண்டியப் பார்த்து என்ன பண்ணுச்சு?”

“எழுந்து நின்னுச்சு. கிட்ட வரவும் பாறைக்குப் பின்னால போயிடுச்சு.”

“வளைவாச்சே. ஹார்ன் அடிக்காம எப்படித் திருப்பின?”

“நடக்கற வேகத்துக்குக் குறைச்சுட்டேண்ணே. பின்னால ரெண்டு கார்க்காரனுங்க திட்டுனானுங்க.”

குழாயண்ணன் குழாயைக் கீழே வைத்துவிட்டு அவன் தோளில் கை வைத்தார். ஈரக் கை. சட்டை நனைந்தது. அவன் நகராமல் நின்றான்.